துணைவினை

லோகேந்திரனின் கைப்பேசிக்கு
இன்னும் இரவில் சார்ஜ் போடுகிறேன்.
பூட்டைத் திறக்கும் ஆறு எண்கள் அவனோடு போயின.
பிறந்த தேதி, மோட்டார் எண், அம்மா இறந்த தேதி,
எதற்கும் திறக்கவில்லை.
அதனால் அலாரத்தை அழிக்க முடியாது,
அடிக்கும்போது நிறுத்த மட்டும் முடியும்.
திங்கள் முதல் சனி வரை
விடியற்காலை நாலு நாற்பது.

ரெலாவ் அடுக்குமாடி, பதினொன்றாம் மாடி.
அதற்கு முன் தூங்கிவிடக் கூடாதென்று ஒரு பயம்.
தூங்கிவிட்டால் அது அடித்து அடித்து
யாரும் வராமல் ஓய்ந்துபோகுமே.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.
"எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"
இரண்டு விரல் காட்டினேன்.
அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார்.
அது என் நாக்கை மட்டும் தூங்க வைக்கிறது.

இரண்டு மணிக்கு மேல் மனம் கணக்குப் பார்க்கும்.
அப்பா ஐம்பத்தெட்டு. அம்மா அறுபத்தொன்று.
இவன் இருபத்தொன்பது.
குளியலறையில் நான் வழுக்கி விழுந்தால்
கதவை உடைக்க எத்தனை நாளாகும்?
என் அலாரத்தை யார் நிறுத்துவார்?
எதிர் புளோக்கில் ஒரு சீனப் பெண்மணி
மூன்று மணிக்குத் துணி உலர்த்துகிறாள்,
மூங்கில் கழியில் ஒவ்வொன்றாக, உதறாமல்.
ஒருநாள் கையை உயர்த்தினேன்.
அவளும் உயர்த்தினாள், கையில் ஆண்சட்டையோடு.
யாருடையது என்று கேட்கிற தூரமில்லை.

மேசையில் ஐந்தாம் ஆண்டுப் பயிற்சி நூல்கள்.
துணைவினை: முதல் வினையை ஒட்டி வந்து
பேசுபவரின் மனநிலையைக் காட்டும்.
எரிச்சலுக்கு ஒரு வாக்கியம் எழுதுக.
பவித்ரன் எழுதியிருக்கிறான்:
"அம்மா என்னைச் சாப்பிட்டுத் தொலை என்றார்."
சரி போட்டேன்.
சிவப்புப் பேனா அங்கேயே நின்றது.

அன்று அவன் மூன்று முறை
ஒன்பது ஒன்பது நிமிடம் தள்ளிப்போட்டான்.
சுவரைத் தட்டினேன்:
"எழுந்து தொலைடா."
எழுந்தான்.
ஃபேக்டரி பஸ் போயிருந்தது. மோட்டாரை எடுத்தான்.
பாயான் லெப்பாஸ் சாலை, மழை, மணல் லாரி.

துணைவினைக்குத் தனிப்பொருள் இல்லை என்று
பதினாறு வருடமாக
வெண்பலகையில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அலாரம் கிடையாது.
அந்த இரவுக்குத்தான் முடிவே தெரியாது.
மாமாக் கடைக்கு இறங்கிப் போவேன்.
சிக்கந்தர் எதுவும் கேட்பதில்லை.
தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே
ராமநாதபுரத்தில் மழையில்லை என்பார்,
நேற்று பந்தாட்டத்தில் யார் தோற்றார்கள் என்பார்.
நானும் யாரோ தோற்றதற்கு வருத்தப்படுவேன்.

மூன்று மாதமாகியும் ஐந்து பத்துக்கு
அந்த நீல பஸ் எங்கள் வாசலில்
ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறது.
இனி நிற்க வேண்டாம் என்று சொல்ல
நேற்று கீழே இறங்கினேன்.
பாக் ஹாஷிம் கதவைத் திறந்தார்.
உள்ளே மங்கிய விளக்கில்
அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
கண்ணாடியில் நெற்றி மோத, வாய் பிளந்து,
அடையாள அட்டை நெஞ்சில் ஏறி இறங்க.
ஒருத்தி தூக்கத்திலேயே கழுத்தைச் சொறிந்தாள்.
கடைசிச் சீட்டில் பயங்கரக் குறட்டை.

தூங்குவது போலவே இருக்கிறான் என்றார்கள்,
பெட்டியைச் சுற்றி நின்றவர்கள்.
இல்லை.
தூக்கம் இதுதான்.

"நாயிக்?" என்று கேட்டார் பாக் ஹாஷிம், ஏறுகிறாயா என்று,
தெரியாமல் வாயில் வந்துவிட்டது அவருக்கு.
தலையாட்டினேன்.
சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மாடியேறி மேசை விளக்கை அணைத்தேன்.
நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வருபவன்
பயிற்சி நூல்களைப் பார்த்துச் சொல்வான்:
"டீச்சரம்மா, போய்த் தூங்கித் தொலையேன்."

ஆறு பத்துக்கு என் அலாரம் அடித்தது.
ஒன்பது நிமிடம் தள்ளிப்போட்டேன்.
பிறகு இன்னொரு ஒன்பது.